ஜெயசிங்குக்கு எடுத்த அட்டை

மெர்சி, சாம்,

இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். மனதில் இருப்பதை வேறு பாஷையில் எழுத எனக்குத் தெரியாது. மெர்சி, நீ வாசித்துத் தம்பிக்குச் சொல். அவன் எழுத்துக் கூட்டி வாசித்தால் முதல் பக்கம் முடியவே ஒரு வாரம் ஆகும். நடுவில் நிறுத்தி அவன் ஏதாவது கேட்டால், கடைசிவரை கேள் என்று மட்டும் சொல்.

சாம், போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீ கேட்டாய். "அப்பா, ஆண்டவர் என்னை ஃபுல்டைம் ஊழியத்துக்குக் கூப்பிடறார்னு தோணுது. நீங்க யெஸ் சொன்னா நாளைக்கே ஆபீஸ்ல பேப்பர் போட்டுடறேன்." நான் ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனேன். உங்கள் அம்மாவுக்குக் கோபம். "பிள்ள எவ்வளவு ஆசையா கேக்கான், ஒரு வார்த்தை சொன்னா வாய்ல முத்தா உதிர்ந்துரும்?" என்றாள். முப்பத்தொரு வருஷம் உபதேசியார் வேலை பார்த்தவன், சொந்த மகன் அழைப்பைப் பற்றிக் கேட்டபோது ஏன் வாய் திறக்கவில்லை என்று உங்கள் மூன்று பேருக்கும் தெரிய வேண்டும். அம்மாவுக்கும் இது இதுவரை தெரியாது.

எனக்கு எப்படி அழைப்பு வந்தது என்றும் நீ கேட்டாய். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அழைப்பு வரவில்லை, வேலைதான் வந்தது. பத்தாவது முடித்துவிட்டு ஊரில் சும்மா இருந்தேன். எங்கள் சபைக் குருவானவர், செகந்திராபாத் தமிழ்ச் சபைக் குருவானவருக்கு உதவியாக ஒரு உபதேசியார் வேண்டுமாம், போகிறாயா என்று கேட்டார். பாளையங்கோட்டையில் ஒரு வருஷம் பயிற்சி. ஜெபம் பண்ணவும், பாடம் வாசிக்கவும், பதிவேடு எழுதவும், அடக்க ஆராதனை நடத்தவும் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு ரயில் ஏறிவிட்டேன்.

வந்த முதல் வருஷம், மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் தண்டவாள வேலை பார்த்த ஒரு கேங்மேன் இறந்துபோனார். ஐயர் வெளியூரில் இருந்தார். எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம், அது உங்களுக்குத் தெரியும். மழை. கல்லறைக்கு வந்தது மொத்தம் ஆறு பேர். நானே ஆராதனையை வாசித்து மண் போட்டேன். முடிந்ததும் அந்த மனிதருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாராவது வருவாங்களோ மாட்டாங்களோன்னு இருந்தேன்" என்றாள். அவ்வளவுதான். வானத்திலிருந்து சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் இனி வேறு வேலை தேட வேண்டாம் என்று குடையை மடக்கும்போது தோன்றிற்று.

ஐயராக வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. இரண்டு தடவை மனுப் போட்டேன். படிப்புப் போதாது என்று இரண்டு தடவையும் திரும்பி வந்தது. அந்தக் கசப்பை நான் யாரிடமும் காட்டியதில்லை. காட்டியிருந்தால் ஒருவேளை நல்லதாய்ப் போயிருக்கும்.

நான் அதிக காலம் வேலை பார்த்தது தவமணி ஐயரின் கீழே. நெட்டையான மனிதர். பேச்சு குறைவு. கோயிலை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில் யாராவது சத்தமாகச் சிரித்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், சிரித்தவர் தானாக நிறுத்திவிடுவார். அழைப்பு வந்திருக்கிறது என்று வருகிறவர்களிடம் அவர் நடந்துகொண்ட விதத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உட்காரச் சொல்வார். தண்ணீர் கொடுக்கச் சொல்வார். வந்தவர் கனவு கண்டதையும் வசனம் கிடைத்ததையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசமாட்டார். எல்லாம் முடிந்த பிறகு ஒரே கேள்வி.

"இதை யாருக்கு முன்னால சொல்ல உமக்கு வெக்கமா இருக்கும்?"

வந்தவர் முழிப்பார். பிறகு மனைவி, மாமனார், கூட வேலை பார்ப்பவர் என்று ஒரு பெயர் வரும்.

"முதல்ல அவங்ககிட்டப் போய்ச் சொல்லிட்டு வாரும்."

பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். ரயில்வே கிளார்க் ஒருவர் மட்டும் மறுவாரமே திரும்பி வந்து, "என் வீட்டம்மாகிட்ட சொன்னேன் ஐயா, விழுந்து விழுந்து சிரிச்சா" என்றார். ஐயர் கண்ணாடியைத் துடைக்காமலே, "அந்தம்மா உமக்கு ஒரு வருஷ வேலையை மிச்சம் பண்ணிக் குடுத்துட்டாங்க. நல்லபடியா வீட்டுக்குப் போம்" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவர்களை ஒரு வருஷம் சனிக்கிழமைதோறும் கோயிலுக்கு வரச்சொல்வார். பெஞ்சு துடைக்க வேண்டும். நற்கருணைக் கிண்ணங்களைக் கழுவ வேண்டும். வியாதிக்காரர் வீட்டுக்கு என்னோடு வர வேண்டும், அங்கே வாயைத் திறக்கக் கூடாது. அப்படி ஒரு வருஷம் இருந்தவர்களுக்கு மட்டுந்தான் ஊழியத்துக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுப்பார். என் காலத்தில் இரண்டு பேருக்குக் கொடுத்தார்.

வாக்குத்தத்த அட்டை விஷயத்திலும் அவர் அப்படித்தான். நம்முடைய சபையில் புத்தாண்டுக் காலை ஆராதனையில் அட்டை எடுப்பது உங்களுக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு வசனம், வருஷம் முழுக்க அதுதான் அவரவருக்கு. டிசம்பர் மாதம் ஐயர் வேதத்தைத் திறந்துவைத்துச் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ஒரு வசனத்தை இரண்டு அட்டையில் எழுதக் கூடாது. எல்லாவற்றையும் தட்டில் குப்புற வைக்க வேண்டும். வரமுடியாதவர்களுக்கு ஆராதனை முடிந்ததும் ஐயரே ஜெபம்பண்ணி, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து, திருப்பிப் பார்க்காமல் கவரில் போட்டு ஒட்டுவார். நான் ஒருதடவை உதவிக்குக் கையை நீட்டினேன். "எழுதறதோட உம்ம வேலை முடிஞ்சிபோச்சு" என்றார். மிஞ்சிய அட்டைகளை அன்றைக்கே எரித்துவிடுவோம்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு சபையின் முகமே மாறிப்போனது. அதுவரை ரயில்வேக்காரர்கள், பட்டாளத்துக்காரர்கள், வெள்ளைக்காரன் காலத்திலேயே இங்கே வந்து தங்கிவிட்ட குடும்பங்கள். இப்போது சாப்ட்வேர் கம்பெனிகள் நிறைந்த கச்சிபௌலியிலிருந்து கழுத்தில் அடையாள அட்டையோடு பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். இரண்டு பஸ் மாறி வந்து சேரும்போது பிரசங்கம் பாதி முடிந்திருக்கும். வாசலோரப் பெஞ்சில் உட்காருகிற ரோஸி பாட்டிக்கு அவர்களைப் பார்த்தாலே நாக்கு அரிக்கும். "ஹவ் ஹவ், வாங்க! கைக்கு இத்தனை சீக்கிரம்? ஆராதனை முடியற பெனடிக்ஷனுக்கு வந்திருக்கலாமே!" என்பார். பாட்டிக்கு ஆமாம் என்றால் ஹவ், ஏன் என்றால் கைக்கு, எல்லாம் இந்த ஊர் உருது.

அப்படித் திட்டு வாங்கியவர்களில் ஒருவர்தான் ஜெயசிங். சாத்தான்குளம் பக்கம். இருபத்தாறு வயது. அப்பா இல்லை, அம்மா பள்ளிக்கூட டீச்சர், ஒரே பிள்ளை. சாப்ட்வேரில் பிழை கண்டுபிடிக்கிற வேலை என்று சொன்னார். "அடுத்தவன் தப்பைத் தேடுததுக்குச் சம்பளம் தாராங்க உபதேசியாரய்யா. நம்ம ஊர்ல இதைச் சும்மாவே செய்வாங்க." நன்றாகப் பாடுவார். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். சாம், உனக்கு அப்போது பதிமூன்று வயது. உன்னை உப்புமூட்டையாகத் தூக்கிக்கொண்டு அவர் கோயில் காம்பவுண்டைச் சுற்றி ஓடினார். நீ மறந்திருக்கமாட்டாய்.

ஆராதனை முடிந்ததும் என்னோடு மெட்டுகுடா வீடுகளுக்கு ஜெபத்துக்கு வருவார். வழியெல்லாம் ஒரே கேள்வி. "ஆண்டவர் என்னைக் கூப்பிடுதாரா இல்லையா, எப்படித் தெரியும்?" நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஒரு கணக்கு ஓட ஆரம்பித்திருந்தது. இவர் படித்தவர். எனக்குத் திரும்பி வந்த மனு இவருக்குத் திரும்பாது. நான் ஏற முடியாத பீடத்தில் நான் கொண்டுவந்த பிள்ளை ஏறுவான் என்று நினைத்தேன். அதை ஆண்டவருக்கான வைராக்கியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த டிசம்பரில் ஐயருக்குக் கண் ஆபரேஷன். வசனங்களை நானே தேடி எழுதினேன். புத்தாண்டு ஆராதனைக்கு வேறு சபையிலிருந்து ஒரு குருவானவர் வந்து நடத்திவிட்டு, அடுத்த ஆராதனைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். வராதவர்களுக்கு அட்டை எடுக்கிற வேலை என் கைக்கு வந்தது.

முந்தின நாள் ஜெயசிங் போன் பண்ணியிருந்தார். "எனக்கு நாளைக்கு ஆபீஸ்ல டூட்டி ஐயா, வர முடியாது. எனக்கு நீங்க எடுத்து வைங்க. நான் ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன். இந்தத் தடவை அட்டையில என்ன வருதோ அதுதான். வேலையா ஊழியமான்னு அதோட தீர்ந்துரும். இனிமே உங்களைக் கேட்டுத் தொந்தரவு பண்ணமாட்டேன்."

வெஸ்ட்ரிக் கதவைச் சாத்தினேன். மற்றவர்களுக்கெல்லாம் முறைப்படி எடுத்துக் கவரில் போட்டு ஒட்டினேன். ஜெயசிங் முறை வந்தது. கண்ணை மூடி ஜெபம் பண்ணி ஒன்றை எடுத்தேன். கவரில் போடுவதற்குமுன் திருப்பினேன். ஏன் திருப்பினேன் என்றால், தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான். அது நான் எதிர்பார்த்த வசனம் இல்லை. திரும்ப வைத்தேன். இன்னொன்று எடுத்தேன். அதுவும் இல்லை. பிறகு நான் ஜெபம் பண்ணவில்லை. தட்டில் மிஞ்சியிருந்த எல்லாவற்றையும் மல்லாக்கத் திருப்பித் தேடினேன். மீன்பிடிக்கிறவர்களை ஆண்டவர் கடலோரத்தில் தம் பின்னே வரச்சொன்ன வசனம் அதில் இருந்தது. அதை எடுத்துக் கவரில் போட்டு, ஜெயசிங் என்று எழுதி ஒட்டினேன்.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

ஜனவரி கடைசியில் ஐயர் கறுப்புக் கண்ணாடியோடு வெஸ்ட்ரிக்கு வந்து உட்கார்ந்த முதல் நாளே ஜெயசிங் வந்தார். ஐயர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார், கேட்டார், வழக்கமான கேள்வியைப் போட்டார்.

"அம்மாகிட்ட சொல்லத்தான் ஐயா சங்கடமா இருக்கு."

"அப்ப அம்மாகிட்டப் போய்ச் சொல்லிட்டு வாரும். பிறகு ஒரு வருஷம் சனிக்கிழமை சனிக்கிழமை இங்கே வாரும்."

"ஐயா, அட்டை வந்துட்டே" என்று ஜெயசிங் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

ஐயரால் வாசிக்க முடியவில்லை. என்னிடம் நீட்டினார். நான் வாசித்தேன். குரல் நடுங்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

"உபதேசியாரே, எடுத்தது நீர்தானே?"

"ஆமாம் ஐயா."

"பாக்காம எடுத்தீரா?"

"பாக்காமத்தான் ஐயா."

அட்டையை என்னிடமிருந்து வாங்கி ஜெயசிங்கிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "அப்படின்னா நான் குறுக்கே நிக்கல" என்றார். அவர் ஒரு வருஷத்தைத் தள்ளிக்கொடுத்தது அந்த ஒரு தடவைதான். என் வார்த்தையை நம்பித் தள்ளிக்கொடுத்தார்.

மார்ச்சில் ஜெயசிங்கின் அம்மா ரயிலேறி வந்தார். ஐயர் இல்லாத நேரம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையில் பை, காலில் தூசி, ஸ்டேஷனிலிருந்து நேரே வந்திருந்தார்.

"உபதேசியாரே, வேலைய விட்டுட்டான். பேசி வச்ச பொண்ணு வீட்ல வேண்டாம்னுட்டாங்க. நான் அதுக்கெல்லாம் அழ வரல. ஆண்டவரோட சண்டை போடுதவளும் இல்ல நான். அவரு கூப்பிட்டிருந்தா வாய மூடிட்டு அடுத்த வண்டிக்குப் போயிருதேன். வேற யாரும் கூப்பிட்டிருந்தா இப்பவே சொல்லிருங்க."

எனக்கு இரண்டு நிமிஷம் கொடுத்திருப்பார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆண்டவர்தாம்மா" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். ஐயரிடம் சொன்ன பொய்யைவிட இதுதான் பெரியது. அங்கே நான் பயந்து சொன்னேன். இங்கே, உண்மையைச் சொல்ல அவரே வழி திறந்துவைத்திருந்தார்.

ஜெயசிங் ஒரு சிறிய ஊழியக் கூட்டத்தோடு சேர்ந்து மலைக் கிராமங்களுக்குப் போனார். பிள்ளைகளுக்கு ஒரு விடுதி, ஒரு பள்ளிக்கூடம். இரண்டு வருஷம் கடிதம் வந்தது. பிறகு அந்தக் கூட்டத்தின் தலைவர்களுக்குள் சண்டை வந்து விடுதியை மூடிவிட்டார்கள். இவர் மட்டும் தனியாக அங்கேயே இருந்தார். மலேரியா திரும்பத் திரும்ப வந்தது. அவர் காய்ச்சலில் கிடந்த வாரத்தில் ஊரில் அம்மா இறந்துபோனார். செய்தி தெரிந்து இவர் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து நான்கு நாள். தவமணி ஐயரும் அதற்குள் ஓய்வுபெற்றுத் தம் ஊருக்குப் போய் அங்கேயே காலமாகிவிட்டார். அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. கேட்பதற்கு இனி ஆள் இல்லை என்ற நிம்மதி. பிள்ளைகளே, உங்கள் அப்பாவாகிய நான் அப்படியும் இருந்திருக்கிறேன்.

ஏழு வருஷம் கழித்து ஜெயசிங் திரும்பி வந்தார். மெட்டுகுடாவில் ஒரு வீட்டின் பின்பக்கத்து அறையில் தங்கி, ரயில்வேக்காரர்களின் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தார். பழைய வேலைக்குப் போக முடியவில்லை. "நான் படிச்சதெல்லாம் இப்ப மியூசியத்துல இருக்கு ஐயா" என்றார். பாட்டு நின்றுபோயிருந்தது. கோயிலுக்கு வருவார், ரோஸி பாட்டி உட்கார்ந்த இடத்தில் உட்காருவார். பாட்டி அப்போது இல்லை.

நான் ஓய்வுபெறுவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வெஸ்ட்ரிக்கு வந்தார். அன்றைக்கு அவருக்கு உபவாசம். கையில் நாற்பது பக்க நோட்டு.

"ஐயா, எனக்கு ஒரு உதவி செய்யணும். கூப்பிட்டவரு ஏன் இப்படிப் பேசாம இருக்காருன்னு ஏழு வருஷமா கேக்கேன். எங்கயோ நான் தப்பியிருக்கேன். அது எதுன்னு தெரிஞ்சா சரிபண்ணிருவேன். தப்பு தேடுததுதானே என் தொழில்."

நோட்டைத் திறந்து காட்டினார். சின்ன வயதிலிருந்து அவர் செய்த பாவங்கள், வரிக்கு ஒன்றாக. ஹாஸ்டலில் கூடப் படித்தவனுடைய பேனாவை எடுத்தது. ஒரு பெண்ணைப் பற்றி நினைத்தது. அப்பா ஆஸ்பத்திரியில் உயிர் விடும்போது பக்கத்தில் தூங்கிப்போனது. அம்மா அடக்கத்துக்கு வராதது. "நீங்க வாசிச்சுப் பாருங்க ஐயா. இதுல எதுக்காக ஆண்டவருக்குக் கோபம் வந்திருக்கும்னு உங்களுக்குத் தெரியும்."

நான் வாசித்தேன். நாலு பக்கத்துக்குமேல் முடியவில்லை. ஞாயிறு பார்க்கலாம் தம்பி என்று அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை மத்தியானம் அவர் அறைக்குப் போனேன். சின்ன ஸ்டவ்வில் கறுப்பு டீ போட்டுக்கொண்டிருந்தார். தரையில் உட்கார்ந்தேன்.

"ஜெயசிங், அந்த நோட்டுல தப்பு இல்ல. தப்பு என்கிட்ட இருக்கு. அந்த அட்டையை நான் பாத்து எடுத்தேன்."

அவர் சிரித்தார். "ஐயா, என் மனசு ஆறணும்னு சொல்லுதிய. உங்களுக்குப் பொய் சொல்ல வராது."

"வரும் தம்பி. ஐயர்கிட்ட சொல்லியிருக்கேன். உங்க அம்மாகிட்டயும் சொல்லியிருக்கேன்."

அம்மா என்றதும் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்தியது, முதலில் எடுத்தது, திரும்ப வைத்தது, இரண்டாவது, பிறகு தட்டு முழுக்கத் திருப்பிப்போட்டது. அம்மா வந்து நின்றதையும் அவர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

கீழே வைத்த டம்ளரையே பார்த்துக்கொண்டு, "முதல்ல வந்தது என்ன வசனம்?" என்று கேட்டார்.

நான் அதை எதிர்பார்க்கவில்லை.

"ஞாபகம் இல்ல தம்பி."

"ரெண்டாவது?"

"அதுவும் இல்ல."

"திருப்பிப் பாத்தியள்லா?"

"பாத்தேன். நான் நினைச்சது இல்லன்னு மட்டுந்தான் பாத்தேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அது எனக்கு வந்ததுல்லாய்யா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "எனக்கு வந்தது அது."

பிறகு ஸ்டவ்வை அணைத்தார். டியூஷன் பிள்ளைகள் வருகிற நேரம் என்றார். வாசல்வரை வந்து என்னை அனுப்பினார். ஸ்தோத்திரம் சொன்னேன், அவர் திரும்பச் சொல்லவில்லை. அந்த மாதக் கடைசியில் அறையைக் காலிபண்ணிவிட்டார். எங்கே போனார் என்று வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. ஊருக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

சாம், ஆண்டவர் உன்னைக் கூப்பிடவில்லை என்று நான் சொல்லவில்லை. கூப்பிடலாம். உன்னிடம் பேச அவருக்கு என் வாய் தேவையில்லை. ஆம் என்று நான் சொல்லி நீ போக வேண்டாம், இல்லை என்று நான் சொல்லி நீ நிற்கவும் வேண்டாம். தவமணி ஐயர் கேட்ட கேள்வியை மட்டும் உனக்குத் தருகிறேன். யாருக்கு முன்னால் இதைச் சொல்ல உனக்கு வெட்கமாக இருக்கிறதோ, அவரிடம் போய்ச் சொல். அது நானாக இருந்தால், நீ ஏற்கெனவே சொல்லிவிட்டாய். மற்றதுக்கு ஒரு வருஷம் காத்திரு. காத்திருப்பதால் ஆண்டவர் யாரையும் மறந்துவிடுவதில்லை.

அந்தச் சனிக்கிழமை மெட்டுகுடாவிலிருந்து நான் வீட்டுக்கு வரவில்லை. கோயிலுக்குப் போனேன். மறுநாள் ஆராதனைக்கு எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது, யாரும் இல்லை. ஜெயசிங்குக்கு எடுத்த வருஷத்து மிச்ச அட்டைகள் எப்போதோ சாம்பலாகியிருந்தன. வாசிப்பு மேடையில் இருந்த பெரிய வேதத்தைக் கொண்டுவந்து முன் பெஞ்சில் மடியில் வைத்துக்கொண்டேன். அவருக்கு முதலில் வந்த வசனத்தைக் கண்ணால் பார்த்தால் ஞாபகம் வந்துவிடும் என்று நினைத்தேன். ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத் திறந்து, முதல் வசனத்தின்மேல் விரலை வைத்தேன். இது இல்லை. விரலை அடுத்த வசனத்துக்கு நகர்த்தினேன்.